நெருக்க வேண்டியது தொட்டிகளை, செடிகளை அல்ல

இங்கிலாந்தின் கிராமத்துக் குடில் தோட்டங்களைப் படங்களில் பலர் பார்த்திருப்போம். வாசலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் இருபுறமும் பூக்கள் சரிந்து கிடக்கும். ரோஜாவின் காலடியில் மூலிகை, மூலிகைக்குப் பக்கத்தில் முட்டைக்கோஸ், வேலியெங்கும் கொடி என்று வெறும் மண்ணே கண்ணில் படாது. கூலி உழவர்கள் வீட்டைச் சுற்றிக் கிடைத்த துண்டு நிலத்தில் கறிக்கும் மருந்துக்கும் கண்ணுக்கும் சேர்த்துப் பயிரிட்ட வழக்கம் அது. சர்ரே மாவட்டத்தின் மன்ஸ்டெட் வுட்டில் தோட்டம் அமைத்த கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) அந்த வழக்கத்தை ஒரு கலையாக வளர்த்தார். சாமர்செட்டில் ஈஸ்ட் லாம்புரூக் வீட்டுத் தோட்டத்தைத் தன் கையால் உருவாக்கிய மார்ஜரி ஃபிஷ், அந்த அனுபவத்தை 1956-இல் ஒரு நூலாக எழுதி நடுத்தர வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தார்.

நம் ஊர்க் கொல்லைப்புறமும் இதே குணம் கொண்டதுதான். துணி துவைக்கும் கல்லுக்கு அருகே வாழை, அதன் நிழலில் சேம்பு, கறிவேப்பிலைக்குக் கீழே துளசி, சுவரோரம் நந்தியாவட்டை, கிணற்றடியில் கனகாம்பரம். யாரும் வரைபடம் போட்டு நட்டதில்லை. ஆனாலும் இடம் வீணாகவில்லை, மண் வெயிலில் காயவில்லை.

கொல்லை போய், மொட்டை மாடியும் பால்கனியும் மட்டும் மிஞ்சிய வீடுகளில் அந்தச் செழிப்பைத் திரும்பக் கொண்டுவரும் ஆசை இன்று பரவலாக இருக்கிறது. ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஒன்றுதான். ஒரு தொட்டியை வாங்கி, அதில் ஐந்தாறு செடிகளை நெருக்கி நடுகிறார்கள். முதல் மாதம் பார்க்க அழகாக இருக்கிறது. மூன்றாம் மாதம் அடியிலை பழுத்து உதிர்கிறது, மொட்டு கருகுகிறது. கைராசி இல்லை என்று மனம் விட்டுவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிலத்தில் நன்மையாக இருந்த நெருக்கம் தொட்டிக்குள் தீமையாக மாறுவதற்கு இயற்பியலிலும் தாவரவியலிலும் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால், அந்த நெருக்கத்தை வேறொரு வழியில் மாடியிலும் உண்டாக்கலாம்.

வேருக்குச் சுவர் தெரியும்

நிலத்தில் இரண்டு செடிகள் அருகருகே நின்றால் ஒன்றின் வேர் பக்கவாட்டில் போகும், மற்றதன் வேர் ஆழத்தில் இறங்கும். தொட்டியில் அந்த விலகலுக்கு வழியில்லை. ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஹென்றிக் போர்ட்டர் குழுவினர், தொட்டியின் அளவு செடியின் வளர்ச்சியை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்த 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொட்டியின் கொள்ளளவு இரட்டிப்பானால் செடியின் மொத்த எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. மருத்துவமனைகளில் உள்ளதைப் போன்ற காந்தப் படமெடுப்பு முறையில் தொட்டிக்குள் வேர்களைப் படம்பிடித்தபோது, அவை வெகு சீக்கிரம் சுவரைத் தொட்டுவிடுவதும், பெரும்பங்கு சுவரோரமாகவே திரள்வதும் தெரிந்தது.

அவர்கள் கண்டதில் இன்னொன்று நம் கவனத்துக்கு உரியது. சிறிய தொட்டியில் செடி குன்றுவதற்கு முதன்மைக் காரணம் இலையின் அமைப்போ, செடி தன் எடையை இலைக்கும் வேருக்கும் பங்கிடும் விதமோ மாறுவது அல்ல. இருக்கிற இலையே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் குறைவாக ஒளிச்சேர்க்கை செய்கிறது. வேர் நெருக்கடியை உணர்ந்ததும் இலை தன் உழைப்பைக் குறைத்துக்கொள்கிறது. வெளிப்பார்வைக்குப் பச்சையாகத் தெரிகிற செடி உள்ளே ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம்.

கணக்கும் இதையே சொல்கிறது. 30 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 21 லிட்டர் கொள்ளும். இரண்டு அளவையும் பாதியாக்கி 15 செ.மீ. தொட்டி வாங்கினால் கொள்ளளவு பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். வெறும் 2.6 லிட்டர். மேற்பரப்பு மட்டும் நான்கில் ஒரு பங்காகவே குறைகிறது. அதாவது ஒவ்வொரு லிட்டர் மண்ணுக்கும் காற்றும் வெயிலும் படும் பரப்பு இரு மடங்கு. சின்னத் தொட்டி காலையில் ஊற்றிய தண்ணீரை மாலைக்குள் இழந்துவிடுவது இதனால்தான். பத்துச் சிறிய தொட்டிகளுக்குச் செலவிடும் பணத்தில் மூன்று பெரிய தொட்டிகள் வாங்குவது எப்போதும் நல்லது.

தொட்டியின் அடியில் தேங்கும் நீர்

தொட்டியில் மண் நிரப்புமுன் அடியில் ஒரு கை ஜல்லியோ உடைந்த ஓட்டுத்துண்டோ பரப்புவது பரம்பரை வழக்கம். நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கையில் செய்வது. நடப்பது நேர் எதிர்.

இதைக் கண்ணால் பார்க்கச் செவ்வக வடிவப் பஞ்சு ஒன்று போதும், பாத்திரம் துலக்குவதில் சற்றுப் பெரியது. அதை நீரில் முழுக்க நனைத்து, படுக்கைவாக்கில் இரு விரல்களில் தாங்கிப் பிடியுங்கள். சொட்டுவது மெல்ல நிற்கும். இனி வடிய நீர் இல்லை என்று தோன்றும். இப்போது அதை நீளவாக்கில் செங்குத்தாகத் திருப்புங்கள். பிழியாமலே மறுபடியும் நீர் ஒழுகத் தொடங்கும். பஞ்சும் அதேதான், அதன் துளைகளும் அவையேதான். உயரம் மட்டும் மாறியிருக்கிறது.

மண்ணின் நுண்துளைகள் நீரைப் பிடித்துவைக்கின்றன, புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகிற உயரம் வரை தொட்டியின் அடிப்பகுதி ஈரத்தால் நிறைந்தே நிற்கும். தொட்டியின் அடித்துளை எத்தனை பெரியதாக இருந்தாலும் அந்த நீர் தானாக வெளியே வராது. அந்த உயரம் எவ்வளவு என்பதை மண்ணின் நுண்துளைகளின் விட்டம் தீர்மானிக்கிறது. நுண்குழாய் மெலிய மெலிய அதில் நீர் உயர ஏறும் என்று 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜேம்ஸ் ஜூரின் காட்டியிருந்தார். அந்த விதிப்படி 1 மி.மீ. துளை ஏறக்குறைய 3 செ.மீ. உயரத்துக்கு நீரைப் பிடித்து நிறுத்தும். 0.3 மி.மீ. துளை 10 செ.மீ. வரை. 0.1 மி.மீ. துளை என்றால் 30 செ.மீ. வரை.

வயல் மண்ணையோ களிகலந்த தோட்ட மண்ணையோ அப்படியே தொட்டியில் நிரப்பினால் ஏன் செடி அழுகுகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அதன் துளைகள் அத்தனை நுண்மையானவை. ஒரு அடி உயரத் தொட்டி முழுவதும் அந்த மண்ணில் ஈரத்தாலேயே நிறைந்து கிடக்கும். அதே மண் நிலத்தில் நன்றாக வடிகிறது, ஏனென்றால் அங்கே மண்ணின் உயரம் பல அடி, நிறைந்து நிற்கும் பகுதி வேருக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. நீரில் மூழ்கிய வேருக்குத் தேவையான ஆக்சிஜன் கிடைப்பதில்லை. காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் நீருக்குள் பரவும். வேர் மூச்சுத்திணறுகிறது, அழுகல் பூஞ்சைக்கு இடம் கிடைக்கிறது. மேலே இலை வாடுகிறது. வாடிய இலையைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம்.

ஜல்லி என்ன செய்கிறது? நுண்ணிய துளையில் இருக்கும் நீர், பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முற்றிலும் நிறைந்த பிறகே சொட்டத் தொடங்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வால்டர் கார்ட்னர் 1959-இல் ஒரு படம் எடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணில் பரவிவரும் நீர், பருமணல் அடுக்கின் விளிம்பில் வந்து நின்று தயங்குவதை அதில் காணலாம். ஆகவே 5 செ.மீ. ஜல்லி போட்டால், ஈரம் நிறைந்து நிற்கும் பகுதி 5 செ.மீ. மேலே ஏறுகிறது. வேருக்குக் கிடைக்கும் காற்றோட்டமான இடம் அந்த அளவு குறைகிறது. துளை அடைபடாமல் இருக்க ஒரு துண்டு கொசுவலையோ தென்னை நாரோ போதும்.

ஆழமும் இதனால்தான் முக்கியமாகிறது. ஒரு மண் கலவை 8 செ.மீ. வரை நீரைப் பிடித்து நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. தட்டுத் தொட்டியில் வேர் மூச்சுவிட 2 செ.மீ. மட்டுமே மிஞ்சும். 30 செ.மீ. தொட்டியில் 22 செ.மீ. கிடைக்கும். தட்டில் கீரை வளர்க்கலாம், ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய செடியை வளர்க்க முடியாது.

மண் கலவையின் கதை

தொட்டிக்கென்று தனிக் கலவை வேண்டும் என்பதை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடிகள், 1930-களில் லண்டன் அருகே இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தின் வில்லியம் லாரன்சும் ஜான் நியூவெல்லும். கிருமி நீக்கிய வண்டல்மண் 7 பங்கு, பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண் 3 பங்கு, பருமணல் 2 பங்கு என்பது அவர்கள் வகுத்த கலவை. பீட் நல்ல பொருள்தான். ஆனால் சதுப்பில் அது ஒரு மீட்டர் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகும்.

நமக்கு அந்தக் கவலை இல்லை. பொள்ளாச்சி வட்டாரத்தில் கயிற்றுக்கு நார் உரித்தபின் மலைபோல் குவிந்துகிடந்த தென்னை நார்க்கழிவு, இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு உலகமெங்கும் போகிறது. அது தன் எடையைப்போல் பல மடங்கு நீரைத் தாங்கும், அதே நேரத்தில் காற்றுக்கும் இடம் விடும். முழுக்கக் காய்ந்தாலும் மறுபடி எளிதில் நனையும். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் தேவை. ஒன்று, அதில் உப்பு அதிகம், ஆகவே இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் பயன்படுத்த வேண்டும். மற்றொன்று, மக்காத நார்க்கழிவில் கரிமம் மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். சிப்பிக்காளானும் சிறிது யூரியாவும் சேர்த்து நார்க்கழிவை மக்கவைக்கும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. அப்படி மக்கியது கிடைத்தால் நல்லது.

செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு என்பது மாடித்தோட்டக்காரர்களிடம் புழங்கும் கணக்கு. அதில் மண்புழு உரத்தைச் சற்றே குறைத்து, நீள நார்த்துண்டுகளையோ பருமணலையோ கொஞ்சம் சேர்ப்பது நல்லது. உரம் நுண்ணிய பொருள், மிகுந்தால் துளைகளை அடைத்துவிடும். எந்தக் கலவையும் ஓராண்டில் மக்கி, இறுகி, இரண்டு மூன்று அங்குலம் தாழும். துளைகள் சிறுத்து, அடியில் நீர் நிற்கும் உயரம் கூடும். ஆண்டுக்கொரு முறை தொட்டியைக் கவிழ்த்து, சுற்றிக்கொண்ட வேரை நறுக்கி, கலவையைப் புதுப்பிப்பது இதற்காகத்தான்.

வெயில் படும் சுவர்

குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் சொல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. வேர்கள் சுவரோரமாகத் திரள்கின்றன என்று பார்த்தோம். மே மாதத்துப் பிற்பகலில் மொட்டை மாடியில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் பையின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அதன் உள்புறத்தை ஒட்டித்தான் வேர்களின் பெரும்பகுதி இருக்கிறது. மண்ணின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான செடிகளின் வேர் நுனிகள் வளர்ச்சியை நிறுத்திவிடும், அதற்கும் மேலே போனால் மடியும். சுட்ட மண் தொட்டி இதில் மேலானது. அதன் சுவர் வழியே கசிந்து ஆவியாகும் நீர், சுவரையும் வேரையும் குளிர்விக்கிறது. அதற்கு ஈடாக அதிகத் தண்ணீர் கேட்கும்.

குடில் தோட்டத்தின் நெருக்கம் இங்கேதான் நமக்குக் கைகொடுக்கிறது. ஒரு தொட்டிக்குள் செடிகளை நெருக்காமல், தொட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். நடுவில் உள்ளவற்றின் சுவர்களில் வெயிலே படாது. ஓரத்தில் உள்ளவையும் ஒரு பக்கம்தான் சுடும். அந்த ஓரத்தில் வெள்ளை பூசிய தொட்டிகளையோ, வெயிலைத் தாங்கும் செடிகளையோ நிறுத்தலாம். ஒவ்வொரு வேரும் தன் சொந்தக் கொள்ளளவில் நிம்மதியாக இருக்க, மேலே இலைகள் பின்னிப் பிணைந்து ஒரே பச்சைப் பரப்பாகும். அந்தப் பரப்புக்குக் கீழே காற்றின் வேகம் குறைகிறது, ஈரப்பதம் நிற்கிறது, மண்ணிலிருந்து ஆவியாவது குறைகிறது. வெறும் மண் தெரியக்கூடாது என்ற குடில் தோட்ட இலக்கணம் தொட்டிகளின் கூட்டத்தால் நிறைவேறுகிறது.

வெயிலின் திசையிலும் நம் கணக்கு வேறு. இங்கிலாந்தில் தெற்கு நோக்கிய இடம்தான் ஆண்டு முழுவதும் சிறந்தது. 13 பாகை வட அட்சரேகையில் உள்ள சென்னையில், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அப்போது வடக்குப் பால்கனியில் வெயில் விழும், தெற்குப் பால்கனியில் குறையும். ஐப்பசி முதல் மாசி வரை இது தலைகீழாகும். நிலத்தில் நட்ட செடிக்கு நகர வழியில்லை, தொட்டிக்கு உண்டு.

யாரை யார் பக்கத்தில் வைப்பது

பின்வரிசையில் உயரமானவை: செம்பருத்தி, கறிவேப்பிலை, கம்பியில் ஏறும் சங்குப்பூ அல்லது கொடிப்பசலை. நடுவில் குண்டுமல்லி, கத்தரி, துளசி, கனகாம்பரம், செண்டுமல்லி. முன்வரிசையில் விளிம்பைத் தாண்டிச் சரியும் டேபிள் ரோஸ், புதினா, கற்பூரவல்லி. ஒரே தொட்டியில் இரண்டு செடி வைத்தே ஆக வேண்டுமென்றால், தாகம் ஒத்தவற்றை மட்டும் சேருங்கள். டேபிள் ரோஸ் வறட்சியில் இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவைச் சேமிக்கும் திறமுள்ளது. புதினாவோ ஒரு நாள் வறட்சியில் தலைசாய்க்கும். இவை இரண்டும் ஒரே மண்ணில் நலமாக இருக்க முடியாது.

கலந்து வைப்பது அழகுக்கு மட்டும் அல்ல என்பதைக் கத்தரிப்பூ காட்டுகிறது. அதன் மஞ்சள் மகரந்தப்பைகள் பக்கவாட்டில் வெடிப்பதில்லை. நுனியில் உள்ள சிறு துவாரங்களில்தான் மகரந்தம் வெளிவரும். காற்று ஆட்டினால் கொஞ்சம் உதிரும். காலை வேளையில் பூவருகே பொறுமையாக நின்றால், வயிற்றில் நீல வளையங்கள் மின்னும் ஒரு தேனீ வருவதைக் காணலாம். நீலப்பட்டைத் தேனீ. அது மகரந்தப்பைகளைக் கால்களால் கட்டிக்கொண்டு, உடலை வளைத்து, இறக்கையை விரிக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைக்கும். கூர்மையான ரீங்காரம் கேட்கும் அதே நொடியில் மகரந்தம் தூளாகப் பீறிட்டு அதன் வயிற்றில் படியும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளிப் பூவுக்கும் இதே உதவி பயன்படுகிறது.

கத்தரிப்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். பறப்பதற்கு வேண்டிய சர்க்கரையை அந்தத் தேனீ வேறு பூக்களில் தேட வேண்டும். பக்கத்தில் துளசி பூத்திருந்தால் அது அந்த மாடிக்குத் தினமும் வரும். கத்தரி மட்டும் வைத்த மாடிக்கு அது வர அத்தனை காரணமில்லை. துளசிக் கதிரை முழுக்கக் கிள்ளிவிடாமல் சிலவற்றைப் பூக்க விடுவதால் காய்ப்பு கூடும்.

செண்டுமல்லியைப் பற்றியும் ஒன்று. அது பக்கத்தில் இருந்தாலே பூச்சி அண்டாது என்பார்கள். உறுதியாக அறியப்பட்டது அதன் வேரின் வேலைதான். ஆல்ஃபா-டெர்தியனில் என்ற வேதிப்பொருளால் அது வேர்முடிச்சு நூற்புழுக்களை ஒடுக்குகிறது. வேரின் வேலை பக்கத்துத் தொட்டிக்குத் தாவாது. தக்காளி வேரில் முடிச்சுகள் கண்ட கலவையில், அடுத்த பருவம் செண்டுமல்லி நட்டு, அதன்பின் காய்ச்செடிக்குத் திரும்புவதே பொருத்தமான முறை.

உப்பும் எடையும்

தொட்டியில் ஊட்டச்சத்து தங்காது. நைட்ரேட்டை மண்ணின் எதிர்மின் பரப்புகள் பிடித்துவைப்பதில்லை, அடித்துளை வழியே ஓடும் நீரோடு அது போய்விடும். ஆகவே மொத்தமாக உரமிடாமல், சிறிதளவு அடிக்கடி கொடுப்பதே முறை. ஆனால் அடித்துளையில் நீர் ஒழுகவே கூடாது என்று கணக்காக ஊற்றினால் வேறு தொல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புகள் தொட்டிக்குள்ளேயே சேரும். மண் தொட்டியின் வெளிச்சுவரில் பூக்கும் வெள்ளைப் படிவு அதன் அடையாளம். கோடையில் பதினைந்து நாளுக்கொரு முறை, அடியில் தாராளமாக ஒழுகும்படி நீர் விட்டு அலசுங்கள். வடகிழக்குப் பருவமழை மற்ற நாட்களின் பாக்கியைக் கழுவிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாடி ஒரு கட்டடம். ஆட்கள் ஏறிப் புழங்கும் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பயன்பாட்டுச் சுமையைத் தாங்கும்படி கட்டப்பட வேண்டும் என்பது இந்தியக் கட்டட விதி. நனைந்த தோட்டமண் லிட்டருக்கு 1.8 கிலோ வரை இருக்கும். 21 லிட்டர் தொட்டிகள் நான்கை ஒரு சதுர மீட்டரில் வைத்தால் அதுவே அந்த வரம்பைத் தொட்டுவிடும். நார்க்கழிவு மிகுந்த கலவையானால் எடை மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். மாடியில் நேரடியாக மண் கொட்டிப் பாத்தி கட்டுவது அபாயம். ஒரு அடி ஆழப் பாத்தி, நனைந்தால் சதுர மீட்டருக்கு அரை டன்னுக்கு மேல் கனக்கும். பெரிய தொட்டிகளைச் சுவர்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலாக, ஓரங்களில் வையுங்கள். அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தினால் தளத்தில் நீர் தேங்காது. பழைய கட்டடமானால் பொறியாளர் ஒருவரிடம் கேட்டபின் தொடங்குங்கள்.

தொடக்கத்தில் மூன்று பெரிய தொட்டிகள் போதும். செம்பருத்தி, கத்தரி, துளசி என்று ஆளுக்கொன்றாக நட்டு ஒட்டி வைத்து, அவை வேர்பிடித்த பின் அவற்றைச் சுற்றிக் கூட்டத்தை வளருங்கள். ஆடியில் தொடங்கினால், மழைக்காலம் முழுவதும் வேருக்கு வளர நேரம் கிடைக்கிறது. பங்குனி முடிவதற்குள் தொட்டிகளுக்கு மேலே இலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால், கத்திரி வெயிலை அந்தத் தோட்டம் தாங்கும்.